சுழல்பெட்டியில் ஈர உப்பு

ஊரூர் குப்பம், சென்னை
6 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

உறைமேல் சிஸ்டர் மரிய அமலி என்று ஒழுங்காக எழுதிவிட்டேன். உள்ளே நீ எனக்கு ஜெனிதாதான். இதை உங்கள் மடத்து மதர் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்று தெரியும், அதனால் மதருக்கும் என் வணக்கம். அச்சிறுபாக்கத்தில் பனி கொட்டுகிறதா? உன் இருமல் விட்டதா?

இங்கே நான் நலம். அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை, நான் கத்தினால் பிரஷர் மாத்திரை போடுகிறாள். மனசுதான் ஆண்டனியோடு கடலில் கிடக்கிறது. அவனும் நந்தகுமாரும் போன போட் கோவளம் பக்கம் கவிழ்ந்து கிடந்து வருசம் ஒன்று ஓடிவிட்டது. நந்தகுமார் உடம்பு திருவான்மியூரில் ஒதுங்கியது. அடுத்த வீட்டுக் கெங்கம்மாவுக்குத் தன் பிள்ளையை எரிக்கவாவது கொடுத்து வைத்தது. நம்மவன் சட்டையைப் பெட்டியில் வைத்துப் புதைத்துவிடலாம், நம் தெருவில் இல்லாத வழக்கமா என்று பங்குச் சாமியார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். "செத்தவனுக்குத்தான் பெட்டி. எம்புள்ள லேட்டா வரான், அவ்ளோதான்" என்கிறாள் அம்மா. ராத்திரியில் கதவுக்குத் தாழ் போடுவதே இல்லை.

இன்னொரு கூத்து கேள். அம்மாவின் உப்புப் பானை சிவப்படித்துவிட்டது. கருவாட்டுக்கு எடுக்கும் அந்தப் பெரிய பானைதான். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அதைக் கழுவியதில்லை, புது உப்பைப் பழசின் மேலேயே கொட்டுவாள். அந்த அடி உப்பைத்தான் பாலித்தீனில் சுருட்டித் துணியில் முடிந்து, கடலுக்குப் போகையில் காவலாக ஆண்டனி இடுப்பில் கட்டுவாள், நினைவிருக்கிறதா? "நீ கட்னா அவுந்துக்குதும்மா" என்று சொல்லி அவன் தன் இடது கையால் மறுபடி முடிவான். அந்த எதிர்ச்சுற்று முடிச்சு வேறு யாருக்கும் வராது.

உப்பைத் தின்று வாழும் பாக்டீரியாக்களைத் தேடுவதுதான் என் பிஎச்.டி. மரக்காணம் உப்பளம் வரை போய் வெயிலில் கருகினேனே, வீட்டுப் பானையை விட்டுவிட்டேன்! ஒரு பிடி எடுத்து லேபில் வளர்க்கப் போட்டிருக்கிறேன். எனக்காக ஜெபி.

உன் தங்கை
ஜான்சி

*

இயேசு மரி சூசை துணை

27 ஜனவரி 2024

பிரியமுள்ள ஜான்சிக்கு,

இறைவன் உன்னையும் அம்மாவையும் காப்பாராக. இருமல் குறைந்திருக்கிறது. முழங்கால் வலியால் தோட்ட வேலையிலிருந்து என்னை எடுத்து, சுழல்பெட்டி அருகே உட்கார வைத்திருக்கிறார் மதர். நீ பார்த்ததில்லை. சுவரில் பதித்த மரப் பீப்பாய் அது, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். வெளியே இருப்பவர் மணியடித்துக் காணிக்கையை வைத்துச் சுழற்றினால் அது உள்ளே வந்துவிடும். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. பேசவும் கூடாது.

காய்கறி, மெழுகுவர்த்தி, எல்லாம் வரும். நேர்ச்சைக்கு உப்பும் மிளகும் வருவதுண்டு. இப்போது யாரோ வெறும் உப்பு வைக்கிறார்கள். மிளகு இல்லை. இலைத்துண்டில் ஒரு சிட்டிகை, அதுவும் ஈரமாக. மணி ஒரே ஒரு முறை அடிக்கும். இதுவரை சில தடவை வந்துவிட்டது.

அம்மா யாருக்காவது இப்போதும் உப்பு முடிந்து தருகிறாளா?

பிப்ரவரி நடுவில் தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள், எழுதவும் முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா
மரிய அமலி

*

ஊரூர் குப்பம்
10 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

நலமா? தவக்காலத்துக்கு முன்னால் இது உன்னிடம் வந்துவிட்டால் என் அதிர்ஷ்டம்.

அக்கா, புதுசு! நம் பானையில் இருப்பது உலகத்தில் யாரும் பேர் வைக்காத இனம். சிவப்பாக, மிளகாய் விதை அளவுக்குப் புள்ளி புள்ளியாக வளர்ந்தது. அதன் மரபணுவை உலகத்தில் பதிவான எல்லாவற்றோடும் ஒப்பிட்டோம், எதனோடும் ஒத்துப்போகவில்லை. கோவளம், மரக்காணம், அடையாறு முகத்துவாரம், எங்கே எடுத்த உப்பிலும் இது இல்லை. நம் பானையில் மட்டும்தான். என் கைடு வைதேகி மேடம் மயிலாப்பூர்க்காரர். "எங்காத்துல உப்பு ஜாடியை வாராவாரம் அலம்பிக் கவுத்துடுவோம். உங்காத்துல ஒரு ஜீவனையே வளர்த்து வச்சிருக்கேளே!" என்று சிரித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும், இதற்கு நல்ல தண்ணீர் ஆகாது. ஒரு சொட்டு விட்டால் போதும், அப்படியே வெடித்துச் செத்துவிடும். உப்பில்தான் உயிர்.

கண்டுபிடித்தவர்தான் பேர் வைக்க வேண்டும். ஆண்டனி பேரை லத்தீனில் வைத்து, "கடலில் மறைந்த மீனவர் ஆண்டனியின் நினைவாக" என்று கட்டுரையில் ஒரு வரி எழுதப்போகிறேன். அம்மாவிடம் சொன்னதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "நினைவாகவா? யாருக்குடி நினைவு? நீயே அவனக் கொன்னுடு" என்றாள். அக்கா, எனக்கும் வலிக்காதா? அவன் எனக்கும் அண்ணன்தானே. தாழ் போடாத கதவுக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை வருசம் இவள் உட்கார்ந்திருப்பாள்? வருகிற கல்லறைத் திருநாளிலாவது பெட்டி வைத்துப் புதைத்துவிட வேண்டும். நீ சொன்னால் கேட்பாள், ஒரு வரி எழுது.

உப்பு முடிச்சைப் பற்றி எதற்குக் கேட்டாய்?

ஜான்சி

*

இயேசு மரி சூசை துணை

3 ஏப்ரல் 2024

பிரியமுள்ள ஜான்சிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். உன் கடிதம் ஈஸ்டர் முடிந்துதான் கைக்கு வந்தது. உன் கண்டுபிடிப்புக்காக நன்றி செபம் சொன்னோம். மதருக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவை இப்போதைக்கு வற்புறுத்தாதே. பெட்டி பேச்சை எடுக்காதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கிறது. சுழல்பெட்டியில் வந்த உப்பு. பிப்ரவரியில் ஒரு முறையும் தவக்காலத்தில் ஒரு முறையும் வந்தது. இங்கே தேதி பார்க்கும் பழக்கம் விட்டுப்போனது. ஆனால் என் அறை ஜன்னலில் நிலா வரும். உப்பு வருகிற நாளில் மட்டும் நிலா வருவதில்லை. இலையில் வைத்த இடம் சிவந்து போகிறது. உன் லேபில் இது என்னவென்று பார். வேறொன்றும் இல்லை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

மரிய அமலி

*

ஊரூர் குப்பம்
18 மே 2024

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

நீ அனுப்பியதும் நம் பானை உப்பும் ஒன்று.

நான்தான் கைமாற்றிக் கலந்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். மிச்ச உப்பை வைதேகி மேடம் என்னைக் கிட்டவே சேர்க்காமல், வேறு அறையில் தன் கையால் வளர்த்தார். அதேதான் வந்தது. மேடம், "ஜான்சி, காஞ்ச உப்புல இது தூங்கிண்டிருக்கும். இது தூங்கலை. ஈரத்துல ரொம்ப நாள் முழிச்சிண்டு பெருகியிருக்கு, மரபணுவில மாத்தம் தெரியறது" என்றார்.

இந்த உப்பு பானையை விட்டு வெளியே போனது ஒரே வழியில்தான், ஆண்டனி இடுப்பில். நீ சொன்ன நிலா இல்லாத நாளைக் காலண்டரில் பார்த்தேன். அமாவாசை.

அக்கா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன், பயமாக இருந்தது. சைதாப்பேட்டை போய் அவனுக்குப் புது லுங்கி எடுத்து வந்திருக்கிறாள். கெங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் லுங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே எழுந்து போய்விட்டாள். பாவம், அவள் பிள்ளை இல்லையே.

யாரக்கா அது? நிஜமாகவே உனக்குத் தெரியாதா?

ஜான்சி

*

இயேசு மரி சூசை துணை

24 மே 2024

ஜான்சி,

நலமே.

ஏன் சொன்னாய்?

எனக்கு யாரையும் தெரியாது. இந்த மாதமும் மணி அடித்தது. ஒழுங்கை மீறிப் பெட்டியின் மரத்தில் வாயை வைத்து, "யாரு?" என்று கேட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், மதருக்கும் தெரியும். மறுபக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பெட்டி வழியாகக் கருவாட்டு வாசனை வந்தது. பத்து வருசத்துக்கு மேலாயிற்று நான் அந்த வாசனை பிடித்து. எனக்கு வீட்டு ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். அதற்குள் காலடி போய்விட்டது.

அம்மாவை இங்கே வரவிடாதே.

மரிய அமலி

*

ஊரூர் குப்பம்
1 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். அம்மாவை நிறுத்த முடியாது. நம் அம்மாதானே, உனக்குத் தெரியாதா? ஆறாம் தேதி அமாவாசை. காலையிலேயே வந்து உங்கள் மடத்து வாசலில் உட்காரப் போகிறாளாம். நானும் வருகிறேன் என்றதற்கு, "உன்னப் பாத்தா ஓடிடுவான். கடன ஒடன வாங்கி எங்கியோ ஒளிஞ்சிக்கினு கீறான். நான் ஒருத்தி போனாப் போதும்" என்கிறாள். லுங்கியையும் கொடுவா கருவாட்டையும் பையில் போட்டு வைத்திருக்கிறாள். அவன் இல்லை என்றால் அவள் திரும்பி வரும்போது என்ன ஆவாளோ என்று பயமாக இருக்கிறது.

நீ உள்ளே இருக்கிறாய் என்பதுதான் ஒரே தைரியம்.

ஜான்சி

*

இயேசு மரி சூசை துணை

9 ஜூன் 2024

பிரியமுள்ள ஜான்சிக்கு,

தேவமாதா உன்னைத் தேற்றுவாளாக. அம்மா பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். அவள் உன்னிடம் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். நான் கேட்டதை எழுத மதர் அனுமதி கொடுத்தார். பார்க்கவில்லை, மரத்தின் இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

மணி ஒரு முறை அடித்தது. பெட்டி சுழன்றது. இலையில் உப்பு. உடனே "ஆண்டனீ!" என்று அம்மா கத்திக்கொண்டு ஓடிவரும் சத்தம். அந்தச் சத்தம் பாதியில் நின்றது.

"கெங்கம்மா? நீ இன்னாடி இங்க பண்ணிக்கினு கீற?"

"அமாவாசைக்கு இங்க பக்கத்துல மேல்மருவத்தூர் கோயிலுக்கு வருவேன் இல்ல, ஜெனிதாம்மா. அப்பிடியே..."

"கையில இன்னா?"

"உப்பு. உன் ஊட்டு உப்பு."

கெங்கம்மாவே மேலும் பேசினாள். "எம் புள்ளய கரையில இழுத்துப் போட்டப்போ அவன் இடுப்புல இருந்துச்சு. உன் புள்ள தன்னுத அவுத்து இவனுக்குக் கட்டிகீறான். அதான் எனக்கு ஒடம்பாவது கெடச்சுது. இத்த உங்கிட்ட நான் எப்படிக் காட்டுவேன்? காட்டினா, உன் புள்ள செத்துட்டான்னு நானே சொன்னா மாதிரி. வெச்சிக்கவும் பயம்மா கீது. அது உன் புள்ளைக்குச் சொந்தம், அதனாலதான் அவன் கரைக்கு வரலியோன்னு... உன் பொண்ணாண்ட கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் குடுத்துடலாம்னு வந்துக்கினு இருந்தேன்."

"அவனாக் கட்டினானா, உன் புள்ள புடுங்கிக்கினானா?" அம்மாவின் குரல் அது. அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

"முடிச்ச நான் அவுக்கல. கத்திரி வெச்சி வெட்டினேன். இந்தா பாரு. எந்தக் கை முடிச்சு இது?"

நான் உள்ளங்கையை மரத்தில் வைத்தபடி நின்றேன். அம்மா சொன்னாள்: "அவன் கைதான். எம்புள்ள கைதான்."

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். வெளியே போக எனக்கு உரிமை இல்லை. இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்துப் பெட்டியைச் சுழற்றினேன். இரண்டும் காலியாகத் திரும்பி வந்தன. அம்மாவுக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மரிய அமலி

*

ஊரூர் குப்பம்
25 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

இத்தனை மாசம் எழுதாமல் இருந்ததற்கு என்னைத் திட்டு. நலமா? முழங்கால் எப்படி?

அம்மா ஆடி மாசம் முழுக்கப் பேசவில்லை. கெங்கம்மா தினமும் வந்து, பேசாத அம்மா பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவாள். போன மாசம் ஒரு நாள் காலையில் அம்மா தானாகவே, "சாமியாராண்ட சொல்லிடு. கல்லறைத் திருநாளுக்கு வெச்சிக்கலாம்" என்றாள். அன்று ராத்திரி கதவுக்குத் தாழ் போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

நவம்பர் இரண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். பெட்டியில் அவன் சட்டை, புது லுங்கி, கெங்கம்மா கொடுத்த வெட்டுப்பட்ட முடிச்சு, மிச்ச உப்பு எல்லாம் வைக்கிறோம். பானையையும் அப்படியே வைக்கச் சொல்லிவிட்டாள் அம்மா. இனிமேல் இந்த இனம் உயிரோடு இருப்பது எங்கள் லேபில் மூடி வைத்த குழாய்களிலும், விதிப்படி ஒப்படைத்த இரண்டு நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களிலும் மட்டும்தான். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. "நினைவாக" என்ற வரியை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். தலையாட்டினாள்.

நீ வர முடியாது, தெரியும். நாலு மணிக்கு எங்களோடு ஜெபி.

ஜான்சி

*

இயேசு மரி சூசை துணை

4 நவம்பர் 2024

பிரியமுள்ள ஜான்சிக்கு,

நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் நம் ஆண்டனிக்கு அளிப்பாராக. நீயும் அம்மாவும் தைரியமாக இருக்கிறீர்களா?

கெங்கம்மா அடக்கத்துக்கு வந்திருந்தாளா? கடைசி வரை இருந்தாளா? இதை மட்டும் எனக்கு உறுதியாக எழுது.

சனிக்கிழமை நாலு மணிக்கு நாங்கள் எல்லாரும் கோயிலில் உங்களுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. ஒரே முறை. நான் போனேன். இந்த முறை இலை இல்லை. துணி முடிச்சு, தண்ணீர் சொட்டிக்கொண்டு இருந்தது. கருவாட்டு வாசனையும் இல்லை.

யார் என்று கேட்கவில்லை. அன்று அம்மாவுக்கு வைத்தது போல ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி திரும்பி வந்தது. தண்ணீர் தொடாமல் அப்படியே இருந்தது.

வாசல்படி ஏனோ ஈரமாக இருந்தது என்று மறுநாள் தோட்டக்காரர் வந்து மதரிடம் சொன்னாராம்.

முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. முயன்றேன், வரவில்லை. உனக்கு அனுப்புகிறேன். நீயே பார்.

ஜெனிதா

*

ஊரூர் குப்பம்
28 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தில் ஜெனிதா என்று பார்த்து எவ்வளவு காலமாயிற்று! நாங்கள் நலம். அம்மா நன்றாகத் தூங்குகிறாள். கெங்கம்மாவும் அவளும் சேர்ந்து ஒரே கூடையில் கருவாடு விற்கிறார்கள், நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு.

நீ கேட்டதற்குப் பதில். கெங்கம்மா வந்திருந்தாள். நாலு மணிக்கு அம்மா விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது கெங்கம்மாதான். எங்கள் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்றாள்.

முடிச்சு இடது கை முடிச்சு. நானும் அவிழ்க்கவில்லை. தடவிப் பார்த்தால் உள்ளே பாலித்தீன் இல்லை, வெறும் துணி. வெறும் துணியில் கட்டிய உப்பு ஈரத்தில் கரையாமல் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதே. துணியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வளர்த்தேன். வைதேகி மேடத்திடம்கூடச் சொல்லவில்லை. நம் பானையினுடையதுதான் வந்தது. தூங்காதது. கெங்கம்மா கொடுத்ததைவிட இன்னும் நிறைய நாள் ஈரத்தில் இருந்திருக்கிறது, இன்னும் மாறியிருக்கிறது. பானை மண்ணுக்குள். லேப் குழாய்கள் எண்ணி வைத்தபடி இருக்கின்றன. முடிச்சு என் மேஜையில் இருக்கிறது, இன்னும் காயவில்லை.

இந்த முறை அம்மாவிடம் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும். அவள் போட்ட தாழை நான் திறக்கமாட்டேன்.

கட்டுரை அச்சுக்குப் போகும் முன் கடைசித் திருத்தம் கேட்டார்கள். ஒரே ஒரு திருத்தம் செய்தேன். "மறைந்த", "நினைவாக" இரண்டையும் எடுத்துவிட்டேன். "மீனவர் ஆண்டனியின் பெயரால்" என்று மட்டும் இருக்கிறது. அவன் எப்படி இருந்தாலும் அது பொருந்தும்.

ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்குகிறது. இனி கிறிஸ்துமஸ் வரை உனக்குக் கடிதம் தரமாட்டார்கள். அந்த ஞாயிறு அமாவாசையும்கூட. அதனால் மதர், நீங்கள்தான் இதை முதலில் படிப்பீர்கள். எனக்குப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, இந்தக் கடைசி வரியை மட்டும் அக்காவிடம் வாயால் சொல்லிவிடுங்கள்.

மணி அடித்தால் பெட்டியைத் திருப்பு, அக்கா. பசியோடு வந்திருப்பான், உப்பை அள்ளிப் போட்டுக் கஞ்சி வை. நல்ல தண்ணீர் மட்டும் வைக்காதே.

உன் தங்கை
ஜான்சி